இடையன்குடித் திருக்கோயில்

கல்லிலே கலைவளங் கண்ட நாடு தமிழ்நாடு. கல்லைக்கொண்டு இடம் அமைக்கும் கலை இருவகைப்படும். மலையைக் குடைந்து அதனுள்ளே இடங்காண்பது ஒருவகை. கல்லின்மேற் கல்லை அடுக்கி வெட்டவெளியிலே இடங்காண்பது மற்றொருவகை. முதல்வகைக்கு நாமக்கல் மலை நல்லதொரு சான்றாகும். ஊரின் நடுவே ஒரே பாறையாக ஓங்கி நிற்கும் அம்மலையின் இருபுறத்தும் நரசிங்கப் பெருமாளுக்கும் அரங்கநாதருக்கும் உரிய குடைவரைக் கோயில்கள் உள்ளன. அவை எட்டாம் நூற்றாண்டளவில் அதியர் குலத்து மன்னரால் அமைக்கப்பெற்றவை.

குடைவரை அமைக்கும் சிற்பிக்கு ஓர் அச்சம் உண்டு. உளி ஒருமுறை பிழைபட்டால் வெட்டிய கல்லை மீண்டும் ஒட்ட இயலாது. கட்டடம் எழுப்பும் கொத்தனுக்கு வேறோர் அச்சம் உண்டு. தூக்கி வைத்த கல் தன் எடையினாலேயே சரிந்து வீழக்கூடும். ஆதலின் இருவர்க்கும் இன்றியமையாதது பொறுமை. பொறுமையோடு கல்லின்மேற் கல் வைத்து, 33 ஆண்டுகளில் எழுப்பப்பெற்ற ஒரு கட்டடம் தமிழகத்தின் தென்கோடியிலே உள்ளது. அதுவே இடையன்குடியில் விளங்கும் தூய திரித்துவ ஆலயமாகும்.

இடையன்குடி என்பது திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்த ஒரு சிற்றூர். இடையர் குடியிருந்த இடம் என்பது அதன் பெயரால் விளங்கும். அப்பகுதி கடற்கரையை அடுத்தது. தாமிரபரணி பாயும் வயல்வளம் அங்கு இல்லை. செம்மணல் குன்றுகள் நிறைந்த நிலத்தைத் தேரி என்பர். மேல்காற்று வீசுங் காலத்தில் அம்மணல் இடம்விட்டு இடம்பெயர்ந்து செல்லும். அத்தகைய நிலத்திலும் வேரூன்றி நின்று மக்களைக் காத்தது பனைமரம். ஓங்கிய மரங்களில் நாள்தோறும் ஏறி இறங்கிப் பதநீர் இறக்குவதும், அதனைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்குவதும் அம்மக்களின் தொழில்கள். ஆண்டில் சில திங்களே நடைபெறும் அத்தொழிலின் ஊதியத்தைக்கொண்டு ஆண்டு முழுவதும் வாழவேண்டும். இவ்வாறு மண்ணும் நிலையாது பொருளும் நிலையாத ஊரிலேதான் நிலைத்த கட்டடம் ஒன்று எழுந்தது.

அதனை எழுப்பியவர் இராபர்ட்டு கால்டுவெல் என்னும் அறிஞர். அவர் 1814 ஆம் ஆண்டு மே திங்கள் 7 ஆம் நாள் அயர்லாந்து நாட்டில் பிறந்தார்; பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். இளமையில் டப்ளின் நகரில் ஓவியக் கலை பயின்றார். பின்னர்ச் சமயத்தொண்டில் கருத்தூன்றிக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்றுப் பட்டம் பெற்றார். 1838 ஆம் ஆண்டில் கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தார். அங்கே தமிழ் கற்றபின், 1841 ஆம் ஆண்டில் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த எஸ். பி. ஜி. சங்கத்தில் சேர்ந்து தென்னாடு நோக்கிப் புறப்பட்டார். ஊர்திகளை விரும்பாது கால்நடையாகவே சென்றார். நாட்டையும் மக்களையும் அறிவதற்கு நடந்து செல்வதே நல்வழி என்பது அவர் கருத்து. அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். அவ்வூரே பின்னர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு உறைவிடமாயிற்று.

அவர் சேர்ந்த ஆங்கிலத் திருச்சபை, அத்தியட்சர் என்னும் தலைவரின் மேற்பார்வையில் நடைபெறும் முறைமையை உடையது. ஒரு நிலப்பகுதியில் உள்ள சபைகளையெல்லாம் கண்காணிப்பவரே அத்தியட்சர். இக்காலத்தில் அவரைப் பேராயர் என்று வழங்குவர். ஆங்கில வணிகர் 1680 ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டையுள் கட்டிய தூய மரியாள் ஆலயம் அச்சபையினர் இந்நாட்டில் எழுப்பிய பழைய ஆலயமாகும். அது கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயருக்காக எழுந்தது. இடையன்குடி ஆலயமோ பனையேறி வாழ்ந்த தமிழ் மக்களுக்காக எழுந்தது. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

கால்டுவெல் ஐயர் முதலில் ஊரைத் திருத்தும் பணியை மேற்கொண்டார். கோணலும் நெருக்கமுமாக இருந்த இடத்தில் நேரிய தெருக்களை வகுத்தார். கிணறுகள் தோண்டவும் நிழல்தரும் மரங்கள் நடவும் வகைசெய்தார். 1844 ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் தொண்டாற்றிய மால்ட்டு ஐயரின் மகளாரான எலிசாவை மணந்தார். அவ்வம்மையார் தமிழை நன்கு அறிந்தவர். பெண்மக்களுக்கு விடுதியோடு கூடிய பள்ளி ஒன்றை நடத்தினார். நூலால் சரிகைப் பின்னல் போன்ற அழகிய பின்னல்வேலை செய்யும் தொழிலையும் அவர்களுக்குக் கற்பித்தார். அத்தொழிலால் பெண்கள் தம் கையால் பொருளீட்டும் நிலையைப் பெற்றனர்.

இவ்வாறு ஊர் உருப்பெற்று வருங்கால், 1847 ஆம் ஆண்டில் பெரியதோர் ஆலயத்திற்குக் கடைகால் இடப்பட்டது. அதன் அமைப்பை வகுத்தவரும் கால்டுவெல் ஐயரே; வேலையை முன்னின்று நடத்தியவரும் அவரே. ஆலயம் கோதிக் என்னும் முறையில் அமையவேண்டுமென அவர் விரும்பினார்.

கோதிக் முறை ஐரோப்பாவிலே பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றியது. பாரிசு நகரின் அருகிலுள்ள செயின்ட் தெனி ஆலயத்தின் ஒருபகுதி 1140 முதல் 1144 வரை புதுக்கப்பட்டபோது அம்முறை முதன்முதலாகச் சிறந்து விளங்கிற்று. சில நூற்றாண்டுகளுக்குப்பின் அது வழக்கு வீழ்ந்தது. அதனை விரும்பாத பிற்காலத்தார், நாகரிகமற்றவர் எனத் தாம் கருதிய காத்தியர் என்னும் கூட்டத்தாரின் பெயரை இகழ்ச்சியாக அதற்கு இட்டனர். இகழ்ச்சிப் பெயரே பின்னர்ப் புகழ்ப்பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அம்முறையை மீண்டும் போற்றியது. 1834 ஆம் ஆண்டில் தீக்கிரையான இலண்டன் பாராளுமன்ற மாளிகையை 1840 முதல் மீண்டும் கட்டியபோதும் கோதிக் முறையையே மேற்கொண்டனர். இடையன்குடியில் கடைகால் இட்டது அம்மாளிகை வளர்ந்துவந்த காலத்திலேதான்.

அம்முறையின் உயிர்நிலை கூர்முனை வளைவு ஆகும். அதன் சிறப்பை நம் நாட்டுக் கோயில் அமைப்போடு ஒப்பிட்டு அறியலாம். தமிழ்நாட்டுக் கற்கோயில்களில் இரு தூண்களை நிறுத்தி அவற்றின்மேல் உத்தரக் கல்லைக் கிடத்துவர். கல் மேலிருந்து அழுத்தும் எடையை நன்கு தாங்கும். ஆயின் நீண்டு கிடக்கும் கல் நடுவில் முறியும் இயல்பினது. ஆதலின் தூண்கள் அணித்தணித்தே நிற்றல் வேண்டும். ஆயிரக்கால் மண்டபங்களில் தூண்கள் அடர்ந்து நிற்பதன் காரணம் இதுவே. வளைவிலோ கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும். எனவே தூண்களுக்கு இடையே அகலமான வெளியைப் பெறலாம். வளைவு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் பெரும் வளைவுகளைக் காணலாம்.

அரைவட்டமாக அமைந்த வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதியாகவே இருக்கும். கூர்முனை வளைவுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. அகலம் குறைந்த இடத்திலும் அது வேண்டுமளவு உயர்ந்து எழும். மேலும், அது பக்கங்களில் தள்ளும் விசையும் குறைவு. அவ்விசையையும் தாங்குதற்கு வெளிப்புறத்தில் உதைசுவர்கள் நிறுத்துவர். எடை தூண்களிலும் உதைசுவர்களிலும் இறங்கிவிடுவதால், இடைப்பட்ட சுவரில் உயர்ந்த சாளரங்களைத் திறக்கலாம். அச்சாளரங்களின் மேற்பகுதியைக் கல்லாலான கொடிபோன்ற பின்னல்களால் அணிசெய்வர். உயரமும் ஒளியும் கோதிக் முறையின் இரு பயன்கள் என்று கூறலாம்.

இம்முறையை ஏட்டில் வரைந்து காட்டுதல் எளிது. கல்லில் அமைத்தல் அரிது. அப்பகுதியின் கொத்தர் தம் தொழிலில் வல்லவரேனும், கோதிக் கட்டடம் எதனையும் கண்டவரல்லர். சாளரத்தின் நெளிவும் பின்னலும் எவ்வாறு அமையவேண்டும் என்பதைச் சொல்லால் விளக்குதல் இயலாது. அவ்விடத்திலே கால்டுவெல் ஐயர் இளமையிற் பயின்ற கலை கைகொடுத்தது. அவர் களிமண்ணைப் பிசைந்து, சாளரத்தின் உருவங்களைத் தம் கையாலேயே செய்து தொழிலாளர்க்குக் காட்டினார். அவர்கள் அம்மண் உருவத்தைக் கண்ணால் அளந்து கையால் தடவி அறிந்து கட்டடத்தில் அமைத்தனர்.

இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். கற்பித்தவர் ஆணையிட்டு அகலவில்லை. மண்ணிலே கைவைத்துத் தாமும் ஒரு தொழிலாளராயினார். கற்றவரும், இது நம் நாட்டு முறையன்று என்று ஒதுக்கவில்லை. காணாத நாட்டின் கலையைத் தம் கைத்திறத்தால் தமதாக்கிக்கொண்டனர். ஆலயத்தைக் காண்போர் வரைந்தவரின் பெயரைச் சொல்லுகின்றனர். உளி பிடித்தவரின் பெயரைச் சொல்வார் இல்லை. ஆயினும் ஒவ்வொரு சாளரமும் அவர்தம் கைத்திறத்துக்குக் கரி கூறி நிற்கின்றது.

தொடங்கிய பணி விரைவில் முற்றுப்பெறவில்லை. வறிய ஊரில் பெருங்கட்டடம் ஒரே மூச்சில் எழுதல் அரிது. ஐயரும் உடல்நலங்குன்றி இருமுறை தாய்நாடு சென்று திரும்ப நேர்ந்தது. பின்னர், 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் வந்தது. அப்பஞ்சத்தின் கொடுமையைச் சேலம் நாட்டார் நன்கு அறிவர். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1871 ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 20 இலட்சமாக இருந்த அம்மாவட்டத்து மக்கள்தொகை 1881 ஆம் ஆண்டில் 16 இலட்சமாகக் குறைந்தது. திருநெல்வேலிச் சீமையிலும் பசி பரவியது. 1877 ஆம் ஆண்டில் அத்தியட்சராக உயர்த்தப்பெற்ற கால்டுவெல், அப்பதவியின் தொடக்கத்திலேயே பசிப்பிணி தீர்க்கும் பெரும்பணியில் ஈடுபட்டார். இத்துணை இடையூறுகளையும் கடந்து, 1880 ஆம் ஆண்டில் ஆலயம் நிறைவுற்றுத் திருநிலைப்படுத்தப்பெற்றது. கடைகால் இட்டபோது 33 வயதினராக இருந்த ஐயர் அன்று 66 வயதினராக இருந்தார். அடித்தளத்தைக் கண்ட சிறுவர் பலர் கோபுரத்தைக் காணும்போது பேரன் பேர்த்தி எடுத்திருப்பர்.

அந்த 33 ஆண்டுகளுக்குள்ளே, அதே ஊரில் வாழ்ந்த அதே அறிஞர், கல்லால் ஆகாத மற்றொரு கட்டடத்தையும் எழுப்பினார். அதுவே திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்னும் நூல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் வேறு பல மொழிகளும் ஓரினம் என்பதையும், அவை வடமொழியினின்றும் பிறந்தவையல்ல என்பதையும் அந்நூல் சொல்லோடு சொல்லையும் உருபோடு உருபையும் ஒப்பிட்டு நிறுவியது. அதன் முதற்பதிப்பு 1856 ஆம் ஆண்டிலும், விரிவான இரண்டாம் பதிப்பு 1875 ஆம் ஆண்டிலும் இலண்டனில் வெளிவந்தன. இக்கருத்துக்கும் கடைகால் இட்டவர் ஒருவர் முன்னரே இருந்தார். சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் துரை, தென்னாட்டு மொழிகள் தனியினம் என்பதை 1816 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அவர் இட்ட அடித்தளத்தின்மேல் கால்டுவெல் பெரும்மாளிகை கட்டினார். எட்ட எட்டக் கிடந்த கற்களை இடம் அறிந்து பொருத்துதல் கொத்தன் தொழில். எட்ட எட்டக் கிடந்த சொற்களை இனம் அறிந்து பொருத்துதல் மொழிநூலார் தொழில். இரண்டும் இடையன்குடியில் ஒருங்கே நடைபெற்றன.

கால்டுவெல் ஐயரின் பணிகளைப் போற்றும்போது அவர்தம் குறையையும் மறைத்தல் ஆகாது. 1849 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூலொன்றில், பனைத்தொழில் செய்து வாழ்ந்த மக்களின் அறிவையும் வாழ்க்கையையும் தாழ்த்தி எழுதினார். தம்மோடு ஓரூரில் வாழ்ந்தவரே தம்மை இவ்வாறு எழுதினார் என்பதை அறிந்த அம்மக்கள் உள்ளம் புண்பட்டனர். பின்னாளில் அதனைக் கண்டித்து எழுதினர். அக்கண்டனம் முற்றும் நேரியதே. அம்மக்களின் வழித்தோன்றல்கள் கல்வியிலும் வாணிகத்திலும் பொதுவாழ்விலும் தலைசிறந்து விளங்கி, அந்நூலின் கூற்றைப் பொய்யாக்கினர். களிமண் உருவைக் கண்ட அளவில் காணாத கலையைக் கல்லில் வடித்த தமிழ்நாட்டுத் தொழிலாளரின் திறமும் அதற்கு ஒரு மறுமொழியே. அறிஞர் ஒருவர் செய்த நன்மைக்காக அவர்தம் பிழையை ஒப்புக்கொள்ளுதல் வேண்டா. பிழைக்காக நன்மையை மறத்தலும் வேண்டா. இரண்டையும் உள்ளவாறு அறிவதே வரலாறு கற்பதன் பயன்.

ஆலயம் நிறைவுற்றபின், 1883 ஆம் ஆண்டில் ஐயர் தூத்துக்குடிக்கு உறைவிடத்தை மாற்றினார். 1891 ஆம் ஆண்டு தொடக்கத்தில் பணியினின்றும் ஓய்வு பெற்றுக் கோடைக்கானலில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு திங்கள் 28 ஆம் நாள் அங்கே காலமானார். அவரது உடல் மலையினின்றும் இறக்கப்பெற்று இடையன்குடிக்குக் கொண்டுவரப்பெற்றது. தாம் கட்டிய ஆலயத்தின் பீடத்தின் அடியில் அவர் அடக்கஞ்செய்யப்பெற்றார். எலிசா அம்மையாரும் 1899 ஆம் ஆண்டில் மறைந்தபின் கணவருக்கு அருகே இடம்பெற்றார். அயர்லாந்தில் பிறந்தவர் தேரிநாட்டு மண்ணிலே நிலைத்த இடத்தைப் பெற்றார்.

இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில் ஆங்கிலத் திருச்சபை வேறு சில சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. இடையன்குடி ஆலயமும் அதில் அடங்கியது. 1968 ஆம் ஆண்டில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்தபோது கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை நிறுவினர். இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லத்தைத் தமிழ்நாட்டு அரசு புதுப்பித்து 2011 ஆம் ஆண்டில் நினைவில்லமாகத் திறந்தது. தமிழார்வம் உடையோர் அவ்வில்லத்தைக் கண்டு, அதனை அடுத்து ஆலயத்தையும் காண்கின்றனர்.

ஆலயத்துள் புகுவோர்க்கு முதலில் தோன்றுவது அதன் உயரம். வெளியே செம்மணலும் வெயிலும் கண்ணைக் கூசச்செய்ய, உள்ளே கூர்முனைச் சாளரங்களின் வழியாக ஒளி மெல்ல இறங்குகின்றது. ஞாயிறுதோறும் அங்கே தமிழ்ப் பாடலும் தமிழ் மறைமொழியும் ஒலிக்கின்றன. கட்டடத்தின் வடிவம் வேற்றுநாட்டது. கட்டிய கை தமிழ்நாட்டது. அதனுள் எழும் ஒலியும் தமிழ்நாட்டது. எந்நாட்டுக் கலையாயினும் மக்கள் தம் உழைப்பால் அதனைத் தாங்கும்போது அது அம்மக்களின் உடைமையாகிவிடுகின்றது.

இக்காலத்தில் பெருங்கட்டடங்கள் சில திங்களில் எழுந்துவிடுகின்றன. விரைவு தீதன்று. ஆயினும் எழுந்த பழங்கட்டடத்தைக் காப்பதற்கு விரைவு உதவாது, பொறுமையே உதவும். சுவர்ப்பிளவில் முளைக்கும் அரசங்கன்றைச் சிறிதாக இருக்கும்போதே களைவதும், ஒழுக்கு நேர்ந்தவிடத்தில் உடனே செப்பனிடுவதும், சுவர்களிலும் தூண்களிலும் பெயரைக் கீறாமல் விடுவதும் எளிய செயல்களே. நாமக்கல் குடைவரைக்கும் இடையன்குடி ஆலயத்திற்கும் அவை ஒருதன்மையனவே. கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும், முன்னோர் பொறுமையோடு கட்டியதைப் பின்னோர் பொறுமையோடு காத்தல் கடன். 33 ஆண்டுகள் கல் சுமந்தவர்க்கு அக்கடன் ஒன்றே செலுத்தத்தக்க கைம்மாறு.